வீட்டுக்கு ஒரு ஆள்

கல்லுமலைச் சந்தியில் கடை வைத்திருக்கிறவன் நான். சரிபுதீன் என்றால் நோர்வூட் வரைக்கும் தெரியும். அக்கரப்பத்தனைப் பக்கம் போனால் தெரியாது, அதற்கு நான் பொறுப்பில்லை. என் கடையில் என்ன இருக்கிறது என்று பார்த்தாலே இந்த ஊர் எப்படி வளர்ந்தது என்று சொல்லிவிடலாம். முன்பு கோதுமை மா, கருவாடு, மண்ணெண்ணெய், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற கத்தி. இப்போது அவற்றோடு ஃபோட்டோ கொப்பி மெஷின், ரீலோட் கார்ட், நூடுல்ஸ், பெண் பிள்ளைகள் கேட்கிற விதவிதமான ஷாம்பு. ஷாம்புவையும் கருவாட்டையும் ஒரே தட்டில் வைக்காதீங்க என்று என் பெண்சாதி பஸ்மிலா சொன்னாள். நான் கேட்கவில்லை. மாத்தறையிலிருந்து படிக்க வந்த பிள்ளை ஒன்று வாங்கிப் போய் முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தது.

தேயிலைத் தொழிற்சாலையை இங்கே ஸ்டோர் என்றுதான் சொல்வோம். கல்லுமலை ஸ்டோர் பல காலம் பூட்டிக் கிடந்தது. கம்பனி கைவிட்ட பிரிவு அது. மலையெல்லாம் காடேறி, பன்றி வந்து குட்டி போடுகிற நிலைமை. அங்கே பல்கலைக்கழகத்துக்கு ஒரு வளாகம் வருகிறது என்றார்கள். நான் சிரித்தேன். இந்தக் குளிரிலும் அட்டைக் கடியிலும் எவன் வந்து படிப்பான் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். வந்துவிட்டார்கள்! ஸ்டோரின் மேல்தட்டில், கொழுந்து வாட்டுகிற நீளப் பலகைத் தளத்தைக் கழுவித் துடைத்து, வாங்கும் மேசையும் போட்டு முதல் வகுப்பு நடந்தது. மழை பெய்தால் பலகை ஈரம் குடித்துப் பழைய தேயிலை வாசம் கிளப்பும். மேலே விரிவுரை நடந்துகொண்டிருக்கும்போதே பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி ஆசை வந்துவிடும். இடைவேளை விட்டதும் ஓடி வந்து என் கடை வாசலில் நிற்பார்கள்.

விடுதி கட்டாத காலம் அது. யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் குருநாகல் பிள்ளையும் காத்தான்குடிப் பிள்ளையும் பணிய லயத்தில்தான் தங்கின. தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகள்தான் லயம்; ஸ்டோருக்குக் கீழே, பணிய, சரிவில் இருப்பதால் பணிய லயம். குடும்பம் முழுவதும் உள்காம்பரா என்கிற ஒற்றை அறையில் குறுகிப் படுத்துக்கொண்டு, முன்னால் இருக்கிற இஸ்தோப்புத் திண்ணையைத் தகரம் வைத்து அடைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. அட்டை ஏறினால் அந்தப் பிள்ளைகள் போடுகிற கூச்சல் சந்திக்குக் கேட்கும். லயத்து நாகலெட்சுமி காலுக்குச் சவர்க்காரம் பூசி விடுவாள். அவளை "அம்மே" என்று கூப்பிட்ட குருநாகல் பிள்ளை இன்றைக்கும் தன் குழந்தையின் படத்தைப் போனில் அனுப்புகிறது.

பிறகு விடுதி வந்தது. நூலகம் வந்தது. கொம்பியூட்டர் கட்டடம் வந்தது. ஹட்டன் பஸ் சந்தி வரை வந்து திரும்பத் தொடங்கியது. கோயில் திருவிழாவுக்குத் தேர் இழுக்க ஆளில்லாத லயத்துக்கு, வடம் பிடிக்க இடம் கிடைக்காத அளவு பையன்கள் சேர்ந்தார்கள். போன கார்த்திகை மழையில் மண் சரியும் என்று எச்சரிக்கை வந்தபோது, பணிய லயம் முழுவதும் பாயும் போர்வையுமாகப் பழைய ஸ்டோர் மாடியில் போய்ப் படுத்தது. அன்றைக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தது பிள்ளைகள். என் மகள் ரஸீனாவும் அதே மாடியில் படித்தவள்தான். இப்போது வளாகத்து அலுவலகத்தில், ஆட்களை வேலைக்கு எடுக்கிற பகுதியில் இருக்கிறாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பணிய லயத்தில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு ஆள் வளாகத்தில் வேலை பார்த்தது. ஒருத்தி சமையலறையில், ஒருத்தன் விடுதியில், இன்னொருத்தி நூலகம் கூட்ட. ஒருவர் ஓய்வு பெற்றால் அதே வீட்டிலிருந்து அடுத்தவர் வந்து நிற்பார். ஆண்டு விழாவில் வளாகத் தலைவர் மேடையேறி, "இந்த மக்கள் இந்த வளாகத்தின் மேல் வைத்திருக்கிற அன்பைப் பாருங்கள், வீட்டுக்கு ஒரு ஆள்!" என்று சொல்லுவார். எல்லோரும் கை தட்டுவோம். நானும் தட்டியிருக்கிறேன்.

மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை, நாகலெட்சுமி கடைக்கு வந்தாள். பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துவிட்டு நேரே வந்திருந்தாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நானா, மா ஒரு கிலோ போடுங்க." நானா என்றால் எங்கள் ஆட்களிடம் அண்ணன்.

"போடுறேன். மகள்ட பதிவு முடிஞ்சா? நாளைக்குத்தானே கடைசி நாள்?"

அவள் மகள் பிரியந்திக்கு இதே வளாகம் கிடைத்திருந்தது. பணிய லயத்திலிருந்து இதற்குள் படிக்கப் போகிற முதல் பிள்ளை. பெயர் வந்த அன்றைக்குச் சந்தியில் வெடி போட்டோம். வெடி என் கடையுடையது. சும்மா கொடுத்தேன். சும்மா கொடுப்பது எனக்குப் பழக்கமில்லை என்பதால் சொல்லி வைக்கிறேன்.

"பதிவு இல்ல நானா," என்றாள். "புள்ள வேலைக்குப் பேரு குடுத்திருச்சு. நாளைக்குக் காலையில கூப்பிட்டிருக்காங்க."

"என்ன வேல?"

"அவுங்க அப்பா கெம்பஸுல பாக்குற வேலதான். தோட்ட வேல. இவருக்கு இந்த மாசத்தோட அறுபது முடியுது. அப்புறம் எங்க ஊட்டுல இருந்து கெம்பஸுக்குள்ள யாரு இருக்கா? காம்பராவ விட்டுட்டு எங்க போறது?"

தராசில் மா குறைவாக நின்றது. நான் கவனிக்கவில்லை, அவளும் கவனிக்கவில்லை. விஷயம் எனக்கும் தெரியும். தோட்டத்துச் சட்டம் அது. வீட்டில் ஒருத்தராவது அந்தத் தோட்டத்தில் வேலையில் இருந்தால்தான் லயத்துக் காம்பரா. இல்லாவிட்டால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அப்படித்தான். தோட்டம் போய் வளாகம் வந்தது. வேலை கொடுக்கிறவன் மாறினான், சட்டம் மாறவில்லை என்றுதான் லயமும் நினைத்தது, சந்தியும் நினைத்தது.

"மூத்தவன் துஷாந்த் வரக்கூடாதா?"

"அவன் நோட்டன் பிரிட்ஜ்ல பொண்ணு எடுத்து அங்கயே இருக்கான். ரெண்டு புள்ளைய வச்சிக்கிட்டு எப்புடி வருவான்? என்னைய எடுத்தா நான் போயிருவேன். வயசு கூடிருச்சுன்னுட்டாங்க." அதுவரை நன்றாகப் பேசியவள் படங்கின் நுனியால் கண்ணைத் துடைத்தாள். "பாவி மக, அழக்கூட இல்ல நானா. சிரிச்சிக்கிட்டே சொல்லுது."

சாயந்தரம் கடையைப் பஸ்மிலாவிடம் விட்டுவிட்டுப் பணிய லயத்துக்கு இறங்கினேன்.

நாகலெட்சுமியின் புருசன் ஆண்டியப்பன் இஸ்தோப்பில் குந்தியிருந்தார். வளாகத்துத் தோட்டக்காரர். நூலகத்துக்கு முன்னால் ஒரு துண்டு தேயிலையை அழகுக்காக விட்டு வைத்திருக்கிறார்கள். புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லாம் அதற்குள் நின்றுதான் படம் எடுக்கும். அதைக் கவ்வாத்து வெட்டிப் பார்த்துக்கொள்கிறவர் அவர். அவருக்குப் பக்கத்தில் தலைவர் இராமையா. தோட்டம் இருந்த காலத்தில் சங்கத் தலைவர். தோட்டம் போய்விட்டது, சங்கமும் போய்விட்டது, பட்டம் மட்டும் போகவில்லை. வாசல் படியில் சின்னராசா, வளாகத்து கேட் காவலாளி, சீருடையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

பிரியந்தி அடுப்படியிலிருந்து ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டுவந்து வைத்தாள். சம்பலில் உறைப்பு கண்ணைப் பிடுங்கியது.

"சாப்பிடுங்க மாமா. நாளையில இருந்து நான் அரசாங்க உத்தியோகம். அப்புறம் இப்படி எல்லாம் ரொட்டி சுட்டுத் தர மாட்டேன்."

"வாய மூடு புள்ள," என்றேன். "படிக்க இடம் கெடச்சிட்டு மண்வெட்டி புடிக்கப் போறேன்னு சொல்ற. வெக்கமா இல்லையா?"

"மண்வெட்டி புடிக்கிறதுல என்ன வெக்கம்? எங்கப்பா அதத்தான புடிச்சாரு?" சட்டென்று சொன்னவள், பிறகு குரல் தணிந்தாள். "படிச்சிட்டுத் திரும்பி வர்றதுக்கு ஊடுன்னு ஒன்னு இருக்கணும்ல மாமா. நாலு வருசம் நான் உள்ள உக்காந்து படிப்பேன், இவங்க ரெண்டு பேரும் ரோட்டுல நிப்பாங்களா?"

ஆண்டியப்பன் ரொட்டியைப் பிய்த்தார். வாயில் வைக்கவில்லை.

"நான் வேணாம்னுதான் சொன்னேன் நானா. எங்கயாச்சும் வாடகைக்குப் போவோம்னேன். கேக்க மாட்டேங்குது."

"வாடகைக்குப் போனா அப்பா, இந்த ஊட்டுல உங்க அம்மா கும்புட்ட சாமி இருக்கு, கொல்லையில நீங்க நட்ட பேரி மரம் இருக்கு. அதையும் கூட்டிக்கிட்டா போவீங்க?"

சின்னராசா மெதுவாகச் சொன்னான். "நானும் இப்புடித்தான் வந்தேன். கொழும்புல, புறக்கோட்டையில துணிக்கட. கல்லாவுல உக்கார வச்சிருந்தாரு மொதலாளி. அப்பா செத்த மறுவாரம் தலைவர் போன் எடுத்தாரு, ஆள் இல்லன்னா காம்பரா போயிரும், வந்திருன்னு. வந்துட்டேன். அம்மா இருந்துச்சு, என்ன செய்ய? ஆனா இந்தப் புள்ளைக்கு அந்த நெலம வரக்கூடாதுன்னு எனக்கு இருக்கு."

"சரி, ஒன்னு செய்வோம்," என்றேன். "கெம்பஸ்ல போய்க் கேப்போம். புள்ள படிச்சி முடியுற வரைக்கும் வீட்ட விட்டு வையுங்க என்டு கேட்டா என்ன?"

இராமையா தலையை ஆட்டினார்.

"கேக்கக் கூடாது."

"ஏன் தலைவரே?"

"கேட்டா அவுங்களுக்கு ஞாபகம் வந்திரும். இப்ப நம்மள மறந்துபோயி இருக்காங்க. ஆள் குடுக்குறோம், சண்ட சச்சரவு இல்ல, மறந்திருக்காங்க. அவுங்க மறந்திருக்கிற வரைக்கும்தான் நமக்கு ஊடு. நீங்க போயி ஒரு ஊட்டப் பத்திக் கேட்டீங்கன்னா, எல்லா ஊட்டயும் திரும்பிப் பாப்பாங்க. வேணாம் மொதலாளி. கையெடுத்துக் கும்புடுறேன்."

கும்பிட்டும் விட்டார். வயதான மனிதர். கெம்பஸில் போய்க் கேட்க மாட்டேன் என்று அல்லாஹ் மேல் ஆணையிட்டுவிட்டு எழுந்தேன். பிரியந்தி சந்து முனை வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு வந்தாள். அங்கே வந்ததும் சிரிப்பெல்லாம் போய்விட்டது. மேலே நூலகத்து விளக்கைப் பார்த்துக்கொண்டு, "மாடியில உக்காந்தா எப்புடி மாமா இருக்கும்? தேயில வெட்டுறப்ப கீழ நின்னு பாத்துக்கலாம், இல்ல?" என்றாள். நான் குடைக்கு வெளியே இறங்கி நடந்தேன்.

கெம்பஸில் கேட்க மாட்டேன் என்றுதான் ஆணையிட்டேன். வீட்டில் பேச மாட்டேன் என்று சொல்லவில்லையே! சோறு சாப்பிடும்போது, மீன் ஆணத்தை ஊற்றிக்கொண்டே ரஸீனாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"வாப்பா, பகிடியா?"

"எதப் பாத்தா பகிடி மாதிரி இருக்கு?"

"லயம் கெம்பஸ்ட இல்லையே வாப்பா." என் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது. "வேலி எங்கால போகுது? தண்ணி ஓடுற கானுக்கு மேலாலதானே? லயம் கானுக்குக் கீழ. வீடு கட்டிக் குடுக்க என்டு அந்தக் காணிய வெளியில விட்டுட்டுத்தான் வேலியே அடிச்சாங்க. பணிய லயத்துல ஒரு ஓடு கூட எங்கட இல்ல. அவங்கள வெளிய எழுப்ப நெனச்சாலும் எழுப்ப ஏலாது."

"அப்ப வீட்டுக்கு ஒரு ஆள்?"

"அப்பிடி ஒரு சட்டமே இல்ல." அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். "யா அல்லாஹ்... நாங்க எல்லாரும், இந்த மனுசருக்கு கெம்பஸ் மேல அவ்வளவு விருப்பம் என்டுதானே நெனச்சோம். ஒவ்வொரு தரமும் ஒரு வீட்டுல ஒருத்தர் போனா இன்னொருத்தர் வந்து நிப்பாங்க. நானே எத்தின பேருக்கு வாழ்த்துச் சொல்லி வேல குடுத்திருக்கேன். பயத்துலயா வாப்பா வந்தாங்க?"

வேலியை நானும்தான் தினமும் பார்க்கிறேன். அதற்கு இந்தப் பக்கம் என்ன, அந்தப் பக்கம் என்ன என்று எனக்கும் தோன்றவில்லை. கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்று தெரியாமல்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாததுமாக நானும் ரஸீனாவும் லயத்துக்குப் போனோம். பனிமூட்டம் இறங்கியிருந்தது. கானில் ராத்திரி மழைத் தண்ணீர் சத்தம் போட்டு ஓடியது. வேலைக்குக் கிளம்பினவர்கள், பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்து நின்றார்கள். அலுவலகத்து ஆள் விடியற்காலையில் லயத்துக்கு வந்தால் பயம் வராமல் என்ன செய்யும்? இராமையா என்னைப் பார்த்த பார்வையில் நான் செத்தேன்.

ரஸீனா கானைத் தாண்டிப் போய், வேலிக் கல்லில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "இதுதான் எங்கட எல்லை. இதுக்குக் கீழ இருக்கிற எதுவும் கெம்பஸுக்குச் சொந்தமில்ல. நீங்க வேலைக்கு வந்தாலும் வராட்டியும் உங்கள எழுப்ப எங்களுக்கு உரிமை இல்ல. எப்பவும் இருந்ததும் இல்ல," என்றாள்.

நாகலெட்சுமிதான் முதலில் கேட்டாள், உத்தியோகத்துப் பெண்களைக் கூப்பிடுகிற நோனா என்ற மரியாதையோடு.

"அப்ப, ஊட்டுக்கு ஒரு ஆள் வேணும்னு சொன்னது யாரு நோனா?"

"அதத்தான் நானும் கேக்கிறேன். கெம்பஸ்ல யாரு உங்களுக்குச் சொன்ன?"

"யாரும் சொல்லல." இராமையாவின் குரல். "நான்தான் சொன்னேன். வேலி போட்ட அன்னிக்கு, வேலைக்குப் பேரு கூப்புடுற பெரட்டுக்களத்துல எல்லாரையும் நிப்பாட்டி வச்சி நான் சொன்னேன். எனக்கு யாரும் சொல்லல. தோட்டத்துல அப்படித்தான... எங்க அப்பா காலத்துல இருந்து அப்படித்தான. இவுங்க மட்டும் எப்புடி சும்மா விடுவாங்கன்னு நெனச்சேன்."

"கேட்டிருக்கலாமே ஐயா," என்றாள் ரஸீனா.

"கேட்டா போகச் சொல்லிருவாங்களேன்னு கேக்கல."

நாகலெட்சுமி சிரித்தாள். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அவள் சிரிப்பதைப் பார்த்து இன்னும் இரண்டு பெண்கள் சிரித்தார்கள். சின்னராசா சிரிக்கவில்லை. வேலியைப் பார்த்தான், தலைவரைப் பார்த்தான்.

"என் மொதலாளி கடைச் சாவிய என் கையில குடுத்துட்டுத்தான் ஹஜ்ஜுக்குப் போனாரு. தெரியுமா தலைவரே?"

அவ்வளவுதான் சொன்னான். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, மூட்டத்துக்குள் மேலே ஏறிப் போய்விட்டான். காலை முறை அவனுக்கு.

இராமையா கான் ஓரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த மனிதனைத் திட்டத்தான் வாய் வந்தது எனக்கு. ஆனால் ஆண்டியப்பன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலையை நீட்டினார்.

"போடுங்க தலைவரே. நீங்க வெரட்டலன்னா நான் அந்த வேலைக்குப் போயிருக்க மாட்டேன். அந்தச் சம்பளத்துலதான் புள்ள படிச்சிச்சு. அதையும் நெனச்சுப் பாருங்க."

"அவன் மொகத்தப் பாத்தியா ஆண்டி?"

"பாத்தேன். அவன்கிட்ட நீங்கதான் பேசணும். ஆனா இப்ப வேணாம்."

"பேசிக்கிட்டே இருப்பீங்களா?" நாகலெட்சுமி சத்தம் போட்டாள். "பதிவு எத்தன மணி வரைக்கும் நோனா?"

"மூணு மணிக்கு மூடிடுவாங்க. ஆனா பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை எல்லாம் கொப்பி வேணும். ஃபோட்டோ வேணும்."

பிரியந்தி அதுவரை வேலிக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றாள். நேர்முகத்துக்கு என்று கட்டியிருந்த சேலையின் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, திடீரென்று வீட்டுக்குள் ஓடினாள். உள்ளே அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது, பிறகு ஓவென்று அழுகிற சத்தம் கேட்டது. அத்தனை நாளும் அடக்கி வைத்திருந்த அழுகை. அவளை யாரும் சமாதானப்படுத்தப் போகவில்லை. அழுது முடியட்டும் என்று வெளியே நின்றோம்.

அன்றைக்குப் பார்த்துச் சந்தியில் கரண்ட் இல்லை! மெஷின் செத்துக் கிடந்தது. கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த மூன்றாம் வருடப் பையன்கள் விஷயத்தைக் கேட்டதும், அவர்களில் ஒருவன் ஆட்டோ பிடித்து ஹட்டனுக்கே அவளை ஏற்றிப் போனான். ஃபோட்டோ எடுத்து, கொப்பி எடுத்து, மழையில் நனைந்து, மத்தியானம் தாண்டித்தான் திரும்பி வந்தார்கள். ஜும்ஆ முடிந்து நானும் கடைக்கு வந்திருந்தேன். ஆண்டியப்பன் லீவு போட்டுவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார். மூன்று பேருமாக மேலே ஏறினோம்.

வளாகத்தின் பெரிய கேட்டுக்குப் பக்கத்தில் வேலையாட்களுக்கென்று ஒரு சின்னக் கேட் உண்டு. பிரியந்தி சின்னப் பிள்ளையிலிருந்து அப்பாவுக்குச் சோறு கொண்டு போன வழி அது. கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. சின்னராசா வந்து, அவள் முகத்துக்கு நேரே அந்தக் கேட்டைச் சாத்திக் கொண்டி போட்டான்.

"இதுல போகக் கூடாது."

"சித்தப்பா, நேரமாச்சு..."

"இது வேலையாளுங்க போற வழி. உனக்கு இங்க என்ன வேல?"

பிரியந்தியின் முகம் செத்துவிட்டது. காலையில் பட்ட கோபத்தை இந்தப் பிள்ளை மேல் காட்டுகிறானே என்று எனக்குச் சுள்ளென்று வந்தது. திட்டுவதற்குள் அவன் பெரிய கேட்டுக்குப் போய்ச் சங்கிலியைக் கழற்றினான். வாகனம் வந்தால் ஒரு கதவைத்தான் திறப்பார்கள். பட்டமளிப்பு அன்றைக்கு மட்டும்தான் இரண்டும் திறக்கும். அவன் இரண்டையும் திறந்தான். துருப்பிடித்த இரண்டாவது கதவு தரையில் உரசிக்கொண்டு வந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினான்.

"இதுல போ."

அவள் உள்ளே போனாள். ஆண்டியப்பன் பழக்க தோஷத்தில் சின்னக் கேட்டில் போய்க் கொண்டியைத் தடவிக்கொண்டு நின்றார்.

"நீங்களும்தான் அண்ணே," என்றான் சின்னராசா. "இன்னிக்கு நீங்க வேலைக்கா வந்தீங்க?"

அந்த மனிதர் திரும்பி வந்து, பெரிய கேட்டின் நடுவில், செருப்பைக் கழற்றிவிடப் போனார். பிரியந்தி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவர் வெட்டி வளர்த்த தேயிலைத் துண்டைத் தாண்டி, நூலகத்தைத் தாண்டி, பழைய ஸ்டோர் படியில் ஏறி மறைகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். மழை விட்டிருந்தது.

"என்ன சின்னராசா," என்றேன். "இப்ப யாரும் உன்னப் புடிச்சி வைக்கலியே. கொழும்புக்கே போயிருவியா?"

அவன் தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறினான்.

"தெரியல நானா. போனாலும் போவேன். ஆனா இவ்வளவு காலமும் இங்க நின்னு என் காம்பராவுக்குத்தான் காவல் இருந்திருக்கேன். இன்னிக்குத்தான் கெம்பஸுக்குக் காவல் நிக்கிறேன். கொஞ்ச நாள் நின்னு பாக்குறேனே."

திறந்து கிடந்த கேட்டைப் பார்த்துவிட்டு ஒரு ஆட்டோக்காரன் நைசாக உள்ளே நுழையப் பார்த்தான். சின்னராசா கையை நீட்டி நிறுத்தி, அதிகாரமாக, "எங்க போறீங்க, யாரப் பாக்கணும்?" என்று கேட்டான்.